மண்ணைத் தொடாத பச்சை வயர்

தொலைபேசி மணி அடித்தபோது எங்கள் கோட்டையூர் வீட்டுப் பட்டாலையில், அந்த முன்கூடத்தில், யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். நான் அங்கே இல்லவே இல்லை என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது. தூணோரம் நான், சிகப்பி. என் பக்கத்தில் என் மகள் தெய்வானை. சன்னல் பக்கம் அவள் கணவர், பட்டாலையில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிற மாப்பிள்ளை நாச்சியப்பன். கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே வைக்க மறந்து நின்ற வேலைக்காரி செல்லி. மெயின் சுவிட்சுக்குக் கீழே வயரிங் வேலை பார்க்கிற பாண்டி. எட்டுக் கம்ப்யூட்டர்களும் இருட்டிக் கிடந்தன.

தெய்வானைதான் எடுத்தாள். அமலா டீச்சரைக் காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு காரைக்குடி ஆஸ்பத்திரிக்குப் போன மாணவி கலா அங்கிருந்து பேசினாள். தெய்வானை கேட்டுவிட்டு என்னைப் பார்த்து, "டீச்சர் போயிட்டாகளாம்மா" என்றாள்.

"எங்க போனா?" என்று கேட்டேன். உண்மையாகவே கேட்டேன். சற்று முன்பு என்னிடம் காப்பி வாங்கிக் குடித்த பெண். அவள் வைத்த தம்ளர் கழுவாமல் கிடந்தது. செல்லி துடைப்பத்தைப் போட்டுவிட்டு அழ ஆரம்பித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. இன்றும் முழுதாகப் புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

அவளிடம் படித்த பிள்ளைகள் நினைவு மலர் போடுகிறோம், நீங்களும் எழுதுங்கள் ஆச்சி என்று வந்தார்கள். நான் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தேன். ஆனால் பார்த்ததையும் கேட்டதையும் மறக்கிற பழக்கம் எனக்கு இல்லை. டீச்சர் கவனமில்லாமல் ஈரக் கையோடு கரண்டைத் தொட்டுச் செத்தாள் என்று இந்த ஊரில் பேசுகிறார்கள். அது பொய். அந்தப் பொய்யை அவளோடு சேர்த்துப் புதைத்துவிட்டுப் போக என்னால் முடியாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அமலாவின் முழுப்பெயர் அமலோற்பவம், ஒக்கூர்ப் பெண். தகப்பனார் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து இறந்துபோனார். தாயாரோடு காரைக்குடியில் வாடகை வீடு எடுத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் எங்கள் வீட்டு சென்டரில் பாடம் சொல்லிக்கொடுக்க வந்தாள். எட்டுக் கம்ப்யூட்டர் பெட்டிகள் லாரியில் வந்து இறங்கியபோது மாப்பிள்ளைக்கு அவற்றை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்றே தெரியவில்லை. அவள்தான் சுவரோரம் வரிசையாக வைத்து, ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் கறுப்பு வயரை இழுத்து, எல்லாவற்றையும் ஒரே சங்கிலியாகக் கோத்தாள்.

அதற்குப் பிறகுதான் விண்டோஸ் ஏற்றினாள். அது ஒரு வட்டத் தகட்டில் இருந்தது. தகட்டை உள்ளே தள்ளுகிற வாசல் முதல் பெட்டிக்கு மட்டும்தான். மற்ற ஏழும் வயர் வழியாக அதனிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். திரையில் ஒரு கோடு மெல்ல நிரம்பிக்கொண்டே போகும். அதற்கு முன்னால் அவள் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள்.

"சோறு ஆறுது, வாத்தா" என்பேன்.

"பாதியில நிக்குது ஆச்சி. இப்பக் கரண்டு போனா மொதல்லேருந்து வரணும்."

"நீ பாத்துக்கிட்டு இருந்தாப் போகாதாக்கும்?"

"போகும். போனா ஒடனே தெரியுமுல்ல."

"பச்சப் பிள்ளைய வச்சிருக்கவ மாதிரியில்ல ஒக்காந்திருக்க."

"பச்சப் பிள்ளையாச்சும் அழுது கூப்புடும் ஆச்சி. இது சத்தமில்லாம நின்னுபோகும்."

எனக்குக் கோபம் வரும். தட்டை அங்கேயே கொண்டுபோய் வைப்பேன். திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள். குழம்பில் உப்பு இல்லாவிட்டாலும் அவளுக்குத் தெரியாது.

அந்தக் கறுப்பு வயரின் கடைசி நுனியில் விரல்கடை அளவுக்கு ஒரு இரும்பு மூடி இருக்கும். ஒருநாள் செல்லி தூசி தட்டும்போது, கழன்று கிடக்கிற ஏதோ சாமான் என்று அதைத் திருகி எடுத்துச் சன்னல் மேல் வைத்துவிட்டாள். எட்டுப் பெட்டியும் ஒன்றோடொன்று பேசாமல் நின்றுபோயின. மாப்பிள்ளை கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்து, யார் கை வைத்தது என்று கத்தினார். செல்லி தூணுக்குப் பின்னால் நின்று நடுங்கினாள். அமலா சன்னலைப் பார்த்தாள், செல்லியைப் பார்த்தாள். பிறகு, "நான்தான் சார் நேத்து சரியா மாட்டாம விட்டுட்டேன்" என்று சொல்லி மூடியை எடுத்து மாட்டினாள். அப்புறம் செல்லியிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "இந்த மூடி இல்லன்னா இதுக பேசுற பேச்சு நுனியில முட்டித் திரும்பி வந்து, எல்லார் பேச்சையும் கொழப்பிரும் செல்லி. இது ஒண்ணுதான் போதும்னு சொல்லி நிறுத்துற ஆளு." செய்யாத தப்பைத் தன் தலையில் வாங்கிக்கொண்ட அந்த முகத்தை எழுதி வைக்கிறேன். பின்னால் இது வேண்டியிருக்கும்.

பெயர் வைத்த கதையைப் பிள்ளைகள் எல்லாரும் கேட்டிருப்பீர்கள். ஆனால் நடந்த இடத்தில் இருந்தவள் நான். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பெயர் கொடுக்க வேண்டும், அந்தப் பெயரால்தான் மற்றவை அதைத் தெரிந்துகொள்ளும் என்றாள். மாப்பிள்ளைக்குக் குஷி. முதல் பெட்டிக்குத் தன் பெயர், நாச்சியப்பன். அதன் பிறகு அவர் வீட்டுப் பெரியவர்கள் பெயராகச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசிப் பெட்டிக்கு அவருடைய ஐயா, அப்பாவைப் பெற்றவர் பெயர். எங்கள் வழக்கம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். தகப்பனைப் பெற்றவர் பெயரைத்தான் பேரனுக்கு வைப்போம். அவர் ஐயாவும் நாச்சியப்பன்தான். கடைசிப் பெட்டி, இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார் என்று எழுதிக் காட்டிவிட்டு, சங்கிலியில் சேர மாட்டேன் என்று நின்றுவிட்டது.

"ஐயாவையே உள்ள விடமாட்டேங்குதா?" என்றார் மாப்பிள்ளை.

"நீங்க மொதல்லயே போய் ஒக்காந்துட்டீக சார்" என்றாள் அமலா.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏத்தா, இவுக வீட்டுல மூணு நாச்சியப்பன். காலமாயிட்ட இவுக ஐயா ஒண்ணு, இவுக ஒண்ணு, பங்காளி வீட்டுல ஒண்ணு. விசேஷத்துல ஒரு சத்தம் குடுத்தா ரெண்டு பேரு திரும்பிப் பாப்பாக. நாங்க என்ன, சேராமயா இருக்கோம்?"

"மனுஷர் திரும்பிப் பாத்துச் சிரிச்சுக்கிருவாக ஆச்சி. இதுக்கு அது தெரியாது. எந்த நாச்சியப்பன்னு பிரிச்சுச் சொல்லிறணும். இல்லன்னா ஒருத்தருக்குப் போக வேண்டியது இன்னொருத்தருக்குப் போயிரும்."

பிறகு என்னைப் பார்த்து, "ஒங்க பேரு என்ன ஆச்சி?" என்று கேட்டாள். அந்த வீட்டில் என் பெயரைக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. சொன்னேன். மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்குள் தட்டிவிட்டாள். கடைசிப் பெட்டி சிகப்பி ஆயிற்று. சேர்ந்துகொண்டது.

இனி எழுதப் போவதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

பெட்டிகளுக்கெல்லாம் கரண்டை ஒரே சீராகக் கொடுக்க ஸ்டெபிலைசர் என்று ஒரு பெரிய இரும்புப் பெட்டி தரையில், சிகப்பி என்ற அந்தக் கடைசிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. தொட்டால் விரலில் எறும்பு ஊர்கிற மாதிரி கிர்ரென்று இருக்கும். அமலா வந்த புதிதிலேயே சொன்னாள். இந்தப் பழைய வீட்டு வயரிங்கில் எர்த் கிடையாது, கொல்லையில் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு, ஒரு குழாயை இறக்கி, அதிலிருந்து வயர் கொண்டுவந்து இந்த இரும்பில் கட்ட வேண்டும், அப்போதுதான் கசிகிற கரண்ட் ஆளைப் பிடிக்காமல் மண்ணுக்குப் போகும் என்றாள். என் கொல்லையில் எங்கே வேண்டுமானாலும் வெட்டுங்கள் என்று நானே சொன்னேன். மாப்பிள்ளை, "பாப்போம் அயித்தை" என்றார். அடுத்த மாதம் கேட்டதற்கும் பார்ப்போம். அதுவரைக்கும் தான் ரப்பர் செருப்போடு வேலை பார்க்கிறேன் என்றாள். அதற்கு மட்டும் உடனே பதில் வந்தது.

"சரஸ்வதி இருக்கற எடம் டீச்சர். செருப்பெல்லாம் வாசல்லயே."

"எனக்கு அதுல வருத்தம் இல்ல சார். கரண்டுக்குப் பயந்துதான் கேக்குறேன்."

"எர்த் போட்டுட்டாப் பயமில்லேல்ல? போட்ருவோம்."

கோடை முடிந்து ஒருநாள் அவள் பஸ் இறங்கி வந்தபோது, ஸ்டெபிலைசரிலிருந்து ஒரு பச்சை வயர் சுவரில் ஏறி, துளை வழியாகப் பின்கட்டுக்குப் போயிருந்தது. "குழி வெட்டி எர்த் போட்டாச்சு டீச்சர்" என்றாராம் மாப்பிள்ளை. நான் அன்று தேவகோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அமலா அந்த வயரைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாளாம். அன்றிலிருந்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவாள். நீல வாரும் வெள்ளை அடியும் உள்ள செருப்பு.

சரஸ்வதி பூஜைக்கு முதல்நாள் எட்டுப் பெட்டியும் திரும்ப விண்டோஸ் ஏற்றித் தயாராக இருக்க வேண்டும் என்பது மாப்பிள்ளையின் உத்தரவு. பூஜைக்குப் பட்டாலையைக் கழுவிவிட வேண்டும் என்பதும் அவர் உத்தரவுதான். செல்லி வாளி வாளியாக ஊற்றிக்கொண்டிருந்தபோது அமலா வந்து, "தரை காயட்டும் சார், அப்பறம் ஆரம்பிக்கிறேன்" என்றாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"எர்த் போட்டாச்சுல்ல, இன்னும் என்ன பயம்?" என்றார் அவர்.

அவள் நம்பினாள். எட்டுத் திரையிலும் கோடு நகர ஆரம்பித்தது. நான் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுத் தம்ளரை வைத்தாள். தூண் பக்கம் தேங்கிய தண்ணீர் மெல்ல ஸ்டெபிலைசரை நோக்கி வந்தது. அவள்தான் முதலில் பார்த்தாள். மெயினை அணைத்திருக்கலாமே என்று இப்போது பேசுகிறவர்கள் கேளுங்கள். "அணைக்கவா சார்?" என்று கேட்டாள். "எல்லாம் பாதியில நிக்கும் டீச்சர், நாளைக்குப் பூஜை" என்றார். வெறுங்காலோடு குனிந்து அந்த இரும்புப் பெட்டியை இழுத்தாள்.

சத்தம் வரவில்லை. கத்தவில்லை. பாண்டி அடுத்த அறையில் விளக்கு மாட்டிக்கொண்டிருந்தவன் ஓடி வந்து மெயினை அடித்தான். எட்டுத் திரையும் ஒன்றாக இருண்டன. எல்லாமே பாதியில் நின்றது. முதலிலிருந்து ஆரம்பிக்கத் தெரிந்தவள் ஈரத் தரையில் கிடந்தாள்.

அடக்கத்துக்கு ஒக்கூர் போனோம். மாப்பிள்ளை அவள் தாயாரிடம் போய், "என்னம்மா செய்யிறது, ஈரத்தோட தொட்டுட்டாக. படிச்ச பிள்ள, கொஞ்சம் பாத்திருக்கலாம்" என்றார்.

அந்த அம்மாள், "எம் பிள்ள தொட்டதுதான் தப்புங்கிறீகளா?" என்று கேட்டார்.

"விதிங்கிறேன்" என்றார்.

செல்லிக்காகச் செய்யாத தப்பை ஏற்றவள் சவப்பெட்டிக்குள் கிடக்கிறாள். அவள் தலைமாட்டில் நின்று இவர் அவள்மேல் தப்பை வைக்கிறார். மருமகன் என்றால் எதிரே பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். ஆனால் எனக்கு அந்தப் பச்சை வயர் ஞாபகம் வந்துவிட்டது. எர்த் இருந்தால் பயமில்லை என்றாளே, இருந்ததே, பிறகு எப்படி?

வீட்டுக்கு வந்து குளித்ததும், ஸ்டெபிலைசரிலிருந்து வயரைக் கையால் பிடித்துக்கொண்டே போனேன். சுவர் ஏறி, துளை தாண்டி, பின்கட்டுச் சாமான் அறைக்குள் போயிற்று. பித்தளை அண்டாக்களுக்குப் பின்னால், சுவரில் அடித்த ஒரு ஆணியில் சுருட்டி மாட்டியிருந்தது. அவ்வளவுதான். அதற்கப்பால் வயர் இல்லை. கொல்லையில் ஒரு கைப்பிடி மண்கூடப் புரண்டிருக்கவில்லை.

பாண்டியைக் கூப்பிட்டுக் கேட்டேன். காலைப் பிடித்துக்கொண்டான்.

"சென்டரப் பாக்க மெட்ராஸ்லேருந்து ஆளு வர்றாக, டீச்சரும் நச்சரிக்கிறாக, குழியெல்லாம் அப்பறம் பாத்துக்கிருவோம், இப்ப வயரு மட்டும் கண்ணுக்குத் தெரியிற மாதிரி இழுத்து விடுறான்னு சாரு சொன்னாக ஆச்சி. நானும் அப்பறம் குழி வெட்ட மறந்துட்டேன்."

அவன் மறந்ததையும் நான் மறக்க மாட்டேன். ஆனால் அவன் அழுதான், உள்ளதைச் சொன்னான், யார் கேட்டாலும் சொல்கிறேன் என்றும் சொன்னான். பாதி மன்னித்திருக்கிறேன்.

அவளுடைய செருப்பு எங்கள் வாசற்படியில் விட்ட இடத்திலேயே கிடந்தது. தாயாரிடம் கொண்டுபோனேன். "இது கால்ல இருந்திருந்தா" என்று ஆரம்பித்து அந்த அம்மாள் நிறுத்திவிட்டார். வாங்கிக்கொள்ளவில்லை. அதை என் பெட்டகத்தில் வைத்திருக்கிறேன். யாரும் கூப்பிடாத என் பெயரை அவள் கேட்டு வாங்கியதையும் வைத்திருக்கிறேன். என்னிடம் அவளுடையதாக இருப்பவை இவைதான்.

மலர் போடும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். என் எழுத்துப் பிழைகளைத் திருத்துங்கள். பெயரைத் திருத்தாதீர்கள், அடித்துவிடாதீர்கள். தெய்வானை படித்துப் பார்த்துவிட்டாள். கிழித்துப் போடவில்லை. பெயர் ஒன்றாக இருந்தால் எந்த ஆள் என்று பிரித்துச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் ஒருவருக்குப் போக வேண்டியது இன்னொருவருக்குப் போய்விடும் என்று அமலா சொன்னாள். அதனால் பிரித்தே சொல்கிறேன். காலமான பெரியவரை நான் சொல்லவில்லை. பங்காளி வீட்டில் இருக்கிறவரையும் சொல்லவில்லை. நான் மன்னிக்காதவன், என் மகள் தெய்வானையின் புருஷன், மண்ணைத் தொடாத வயரைக் காட்டி அவளை வெறுங்காலோடு நிற்க வைத்தவன், நாச்சியப்பன்.