பைக்குள் இருந்த மணிக்கூடு

கொழும்பு வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து இறங்கும் ஒழுங்கையில், நாங்கள் தங்கியிருக்கும் லொட்ஜின் வாசலில் ஏழு சின்ன மொபெட்டுகள் நிற்கின்றன. காது கேளாத பிள்ளைகளின் இல்லத்துக்கு நிதி சேர்க்க, நாளை விடிய பதுளைக்குப் புறப்படுகிறோம். மட்டக்களப்பிலிருந்து வந்தவன் நான் ஒருவன்தான். எட்டாம் வகுப்போடு நின்றவன், சிங்களமும் வராது. சண்டைக் காலம்; வழியில் இராணுவம் மறித்துக் கேட்டால் என்ன சொல்வேன் என்பதே யோசனை.

எங்கள் தலைவர் கொட்டாஞ்சேனை அன்ரன் அண்ணன். எல்லோருடைய பைகளையும் பார்த்துக்கொண்டு வந்தவர், என்னுடையதைத் திறந்ததும் திகைத்து நிற்கிறார்.

“என்னடா தம்பி இது? வயர், பற்றரி, மணிக்கூடு! ஆமிக்காரன் கண்டா குண்டு எண்டுதான் நினைப்பான். ஏழு பேரும் உள்ளுக்கு!”

“வயர் வண்டி பழுதானா கட்ட அண்ணே. பற்றரி டோர்ச்சுக்கு. மணிக்கூடு நாலு மணிக்கு எழும்ப.”

“வண்டி பழுதானா தள்ளுவம். உன்னைப் பிடிச்சா என்னத்தைத் தள்ளுறது?”

மற்றவர்கள் சிரிக்கிறார்கள். வயரையும் பற்றரியையும் லொட்ஜ் மனேஜரிடம் கொடுக்கிறேன். மணிக்கூட்டை அன்ரன் அண்ணன் எடுத்துக்கொள்கிறார்.

“இது என்ட றூமில இருக்கட்டும். நாலு மணிக்கு நானே வந்து உன்ட கதவைத் தட்டுறன்.”

போன கிழமை விடியப்புறம் பொலிஸ் இங்கே கதவு கதவாகத் தட்டித் தமிழ் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனதை மனேஜர் காலையில்தான் சொன்னார்.

“தட்ட வேணாம் அண்ணே. பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க.”

சிரிப்பு நின்றுவிடுகிறது.

“சரி தம்பி, கூப்பிடுறன்,” என்கிறார். “என்ட குரல் கேட்டா மட்டும் திற.”