என் தங்கை அமுக்காத பச்சைப் பொத்தான்

என் தங்கை நாலாம் நம்பர் பஸ்ஸில் கண்டக்டர். எங்கள் வீட்டில் அவளுக்குப் பெயர் விசில். வேலைக்குச் சேர்ந்த பிறகு வைத்த பெயர் அல்ல. ஆறு வயதில் முன்பல் இரண்டும் விழுந்து, வாயைத் திறந்தாலே சீட்டியடித்த காலத்தில் வைத்தது. பல் முளைத்துவிட்டது, பெயர் விழவில்லை. வேலை கிடைத்த அன்று அப்பா, "பேர் வெச்சது வீண் போகலை" என்றார்.

நான் அவளைவிட நான்கு வயது ஐந்து மாதம் மூத்தவள். மார்க்கெட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். படிப்பு எட்டாவதோடு சரி. ஆனால் அளவில் அரை அங்குலம் தப்பவிட மாட்டேன்.

நாலாம் நம்பர் மார்க்கெட்டில் கிளம்பி, ஆஸ்பத்திரி வழியாக, நாங்கள் இருக்கும் தண்ணீர்த் தொட்டி காலனி வரை போகும். பன்னிரண்டு ஸ்டாப். பதினொரு வருடமாக அதில் விசில்தான். யாருக்கு எந்த முழங்கால் வலிக்கிறது, யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பேசிக்கொள்ளாத இரண்டு பேரைப் பிடித்துப் பக்கத்துச் சீட்டில் உட்கார வைப்பதில் அவளுக்குத் தனி ஆனந்தம். அப்படி இரண்டு சம்பந்திகள் சமாதானம் ஆனார்கள். வேறு இரண்டு பேருக்குள் சண்டை கோர்ட்டு வரைக்கும் போனது. அதை அவள் கணக்கில் சேர்க்க மாட்டாள்.

போன மாதம் டிப்போவில் ஒரு தாள் ஒட்டினார்கள். மேலிடத்தில் நிதியைக் குறைத்துவிட்டதால், ஆள் ஏறாத தடங்கள் மாத முடிவில் நிறுத்தப்படும் என்று இருந்தது. பட்டியலில் முதல் பெயர் நாலாம் நம்பர். ஒரு நடைக்குச் சராசரி ஆறு பேராம். பஸ் நின்றால் காலனிக்காரர்கள் ஆஸ்பத்திரிக்கு மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். விசிலை டிப்போ அறைக்குள் உட்கார்த்தி, காகிதத்துக்கு முத்திரை குத்த வைப்பார்கள். நான்கு நிமிடம் வாயை மூடினால் மூச்சு முட்டுகிறவள் அவள்.

மறுநாள் காலை கடைசி ஸ்டாப்பில் நான் ஏறியபோது, டிரைவர் அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். விசில் படியில் உட்கார்ந்து, படியில் தொங்குகிறவர்களே ஆறு பேருக்கு மேல் இருப்பார்களே என்று திட்டிக்கொண்டிருந்தாள். நான் எதையும் அடியிலிருந்து பிரித்துப் பார்க்கிறவள். ஆறு என்று அவர்களுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். இதுதான் என்று டிக்கெட் மெஷினைக் காட்டினாள். டிக்கெட் எடுப்பவர்களுக்குச் சிவப்புப் பொத்தான், பாஸ் வைத்திருப்பவர்களுக்குப் பச்சை. நாலாம் நம்பரில் பாஸ் இல்லாதவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

சிவப்புப் பொத்தானில் எழுத்தே அழிந்துபோயிருந்தது. பச்சை, கடையிலிருந்து எடுத்து வந்தது போலப் பளபளத்தது.

"நீ பச்சையை அமுக்குறதே இல்லையாடி?"

"தெரிஞ்சவங்ககிட்ட போய் பாஸைக் காட்டுன்னு எப்படிக்கா கேக்குறது? மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்காது?"

மெஷின் வந்து ஐந்து வருடம். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான்.

அவள் அன்றைக்கே டிப்போ மேலாளரிடம் போய் உள்ளதைச் சொன்னாள். அவர் நம்பவில்லை. பத்து நாள் தருகிறேன், மெஷினில் சராசரி முப்பது வந்தால் பார்க்கலாம் என்றார்.

மறுநாள் விசில் எல்லோரிடமும் பாஸ் கேட்டாள். பஸ்ஸுக்குள் ஒரு சாவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் தினமும் முதல் சீட்டில் வருவார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "என்னைத் தெரியலையாம்மா?" என்றார்.

"உங்களைத் தெரியும் சார். மெஷினுக்குத் தெரியாது."

அவர் மூன்று நாள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

யாரும் கேட்காததால் யாரும் பாஸை எடுத்து வருவதே இல்லை. ஒருவர் அதைக் கட்டில் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தார். தேடி எடுத்து வந்த இன்னொருவர் பாஸில் இருந்த முடி அவர் தலையில் இல்லை. போட்டோவில் இருப்பது உங்கள் தம்பியா என்று விசில் மரியாதையாகவே கேட்டாள். என் பாஸ் வீட்டில் ஊசி டப்பாவில் இருந்தது.

"அப்ப போய் எடுத்துட்டு வாக்கா" என்று நாற்பது பேர் பார்க்க என்னை இறக்கிவிட்டாள். எனக்குக் கோபம்தான். ஆனாலும் பஸ் கிளம்பியபோது, பரவாயில்லை, வேலையில் சுத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றே வெட்டுத் துணிகளை எடுத்து, கழுத்தில் மாட்டிக்கொள்ள பாஸ் உறை தைக்க ஆரம்பித்தேன். நூற்றுப் பன்னிரண்டு உறை, ஸ்டாப்புக்கு ஒரு நிறம். எடுத்துக் கொடுக்கச் சுலபமாக இருக்கட்டும் என்றுதான் நிறம் பிரித்தேன். அது வேறு விதமாகப் போய்விட்டது. மஞ்சள் ஸ்டாப் ஒன்பது பேர், நீலம் ஏழுதானா என்று பஸ்ஸுக்குள் கேலி கிளம்பியது. நீலத்துக்காரர்கள் ஸ்கூட்டரில் போகிற மருமகன்களை எல்லாம் இழுத்து வந்து ஏற்றினார்கள். தலைமை ஆசிரியர் ஜன்னலை விட்டுத் திரும்பி, நீலத்துக்குத் தலைவர் ஆகிவிட்டார். ஆறாம் நாள் சராசரி ஐம்பத்தொன்று.

ஆறு பேர் எப்படி ஐம்பத்தொன்று ஆனார்கள் என்று மேலாளருக்குச் சந்தேகம். விசில் சும்மா உட்கார்ந்து பச்சையை அமுக்குகிறாள் என்று நினைத்து, பத்தாம் நாள் மாலை மார்க்கெட்டில் அவரே ஏறினார். ஏறினார் என்பதைவிட, உள்ளே திணிக்கப்பட்டார் என்பதே சரி. அவர் மூக்கு என் தோள்பட்டையில் இருந்தது.

விசில் நெருக்கிக்கொண்டு வந்தாள். "சார், பாஸ்?"

அவருடைய பாஸ் காரில் இருந்தது. "நான் யாருன்னு தெரியுமில்ல?" என்றார்.

"மெஷினுக்குத் தெரியாது" என்று பஸ்ஸே ஒரே குரலில் சொன்னது. தலைமை ஆசிரியர் குரல்தான் உரக்கக் கேட்டது.

மேலாளர் டிக்கெட் எடுத்தார். விசில் சிவப்பை அமுக்கினாள். அவர் இறங்க நினைத்தது ஆஸ்பத்திரி ஸ்டாப்பில். கூட்டத்தில் கையைக்கூட அசைக்க முடியாமல் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் வந்து சேர்ந்தார். திரும்பிப் போக இன்னொரு டிக்கெட் எடுக்க வேண்டியிருந்தது.

நான்கு நாள் கழித்து விசிலுக்கு ஒரே கவரில் இரண்டு தாள் வந்தன. ஒன்று, நாலாம் நம்பர் வழக்கம்போல ஓடும் என்ற உத்தரவு. மற்றது, ஐந்து வருடம் பச்சைப் பொத்தானை அமுக்காததற்கு மெமோ. இரண்டையும் கொண்டுவந்து என் தையல் மெஷின் மேல் வைத்தாள்.

"இதுக்கும் உறை தெச்சுக் குடுக்கா."

நாடா வைத்து அளந்தேன். மெமோதான் அரை அங்குலம் அதிக நீளம். இரண்டும் அடங்கட்டும் என்று அந்த அளவுக்கே வெட்டினேன்.