டேங்கை வெட்டி டேங்க் செய்த கதை

உத்தமபாளையத்தில் நின்றுகொண்டு "டேங்க் செய்கிறேன்" என்று சொன்னால் எத்தனை லிட்டர் என்றுதான் கேட்பார்கள். என்னிடமும் கேட்டார்கள். ஒருவர் மொட்டை மாடிக்கா என்றார். இன்னொருவர் கறுப்பு வேண்டாம், வெயிலுக்குத் தண்ணி கொதிக்கும் என்று புத்தி சொன்னார். தண்ணீர் டேங்க் இல்லையப்பா, சண்டையில் ஓடுகிற டாங்கி, ரிமோட்டில் ஓட்டுவது என்று விளக்கினால், "அட, பொம்மையா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பொம்மையாம்! அறுபது கிலோ எடையில் எந்தப் பிள்ளை பொம்மை வைத்து விளையாடுகிறது? இவர்களிடம் போய்ச் சொன்னேன் பாருங்கள், என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

நான் பம்ப்செட் மோட்டார் பழுது பார்க்கிறவன். கம்பம் ரோட்டில் பட்டறை. அதன் பின்பக்கத்து மேசையில்தான் என் டாங்கி உருவானது. நிஜ டாங்கியில் ஆறில் ஒரு பங்கு, நாலடிக்குக் குறையாத நீளம். உடம்பும் சங்கிலியும் மோட்டாரும் பெட்டியில் வந்தவை. அதில் எனக்குப் பெருமை ஒன்றுமில்லை, ஆர்டர் போட்டால் எவன் வீட்டுக்கும் வரும். கூடவே ஒரு பை நிறையப் பிளாஸ்டிக் சாமான் வந்தது. கீல், விளக்குக் கூண்டு, மண்வெட்டியை மாட்டிவைக்கும் கொக்கி என்று ஏதேதோ. கீல் என்றால் திறந்து மூட வேண்டாமா? கீல் மாதிரி ஒரு பருவை ஒட்டிவிட்டு அதைக் கீல் என்று சொல்கிறவனுக்கு எவ்வளவு தைரியம் இருக்க வேண்டும்! அந்தப் பையை அப்படியே குப்பையில் போட்டேன்.

எல்லாவற்றையும் பித்தளையில் நானே செய்வது என்று முடிவெடுத்தேன். தகடு தேடிக் கடமலைக்குண்டுவில் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போனேன். அங்கே ஒரு பழைய மருந்தடிக்கிற டேங்க் கிடந்தது, முதுகில் மாட்டித் தோட்டத்துக்கு மருந்து தெளிப்பார்களே, அந்தப் பித்தளை டேங்க். எதற்கு என்று கடைக்காரர் கேட்டார். வாய் சும்மா இருக்குமா, டேங்க் செய்ய என்றேன்.

"டேங்க்க வாங்கி, வெட்டி, டேங்க் செய்யப் போறீகளா?"

"ஆமா."

"அப்ப இந்த டேங்க்குக்கு என்ன கேடு? வாஷர் மாத்துனா மருந்தடிக்குமே."

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நினைத்துக்கொண்டு டேங்கைப் பைக்கில் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

பித்தளை சொன்னபடி கேட்கிற ஜாதி இல்லை. மங்கின சிவப்பு வரும்வரை சூடுகாட்டி ஆறவிட்டால்தான் தகடு வளையும். அவசரப்பட்டால் மடிப்பில் விரிசல் விடும். தகட்டை சைக்கிள் போக்ஸ் கம்பியில் சுற்றிச் சுற்றிக் கீல் செய்தேன். விளக்குக் கூண்டுக்கு இரண்டு மில்லி கம்பியை வளைத்து, வெங்காரம் தடவி, நகை வேலைக்காரர்கள் மாதிரி பற்றவைக்கிற பொடி வைத்து ஊதி ஒட்டினேன். ஒரு முனையை ஒட்டும்போது மறுமுனை கழன்று விழும். ஏழு கூண்டு செய்து ஐந்தைத் தூக்கி எறிந்தேன். மிச்சம் இரண்டும் சுண்டினால் கணீரென்று சத்தம் கொடுத்தன.

என் கூட்டாளி ஒருவன் தேனியில் செல்போன் கடை வைத்திருக்கிறான். அவனிடமும் இதே டாங்கி உண்டு. அவன் சாமான் செய்கிற அழகைக் கேளுங்கள். கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போவான். திரும்பி வரும்போது த்ரீடி பிரிண்டரில் பிளாஸ்டிக் கூண்டு முளைத்திருக்கும். முட்டை போடுகிற கோழிகூட இதைவிடக் கஷ்டப்படுகிறது. அவன் ஒருநாள் பட்டறைக்கு வந்தபோது, நான் கீலின் உள்பக்கம் வழிந்து இறுகியிருந்த பொடியை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தேன். மூடியைச் சாத்திவிட்டால் கண்ணுக்கே தெரியாத இடம் அது.

"ஏ மாப்ள, உனக்கென்ன கிறுக்கா? உள்பக்கம் யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்ல."

இதைச் சொன்னபோது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. உலகத்தில் அரைகுறை வேலை அத்தனைக்கும் இந்த ஒரு வாக்கியம்தான் தாய். யாருக்குத் தெரியப்போகுது என்று பூசாத சுவர், யாருக்குத் தெரியப்போகுது என்று முறுக்காத போல்ட். நாளெல்லாம் நான் பிரித்துப் பார்க்கிற மோட்டார்களில் எவனோ யாருக்குத் தெரியப்போகுது என்று விட்டுப்போனதுதான் எரிந்து கிடக்கும். அந்த வாக்கியத்தைச் சொல்கிறவனை நான் மனுஷக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அதை அவன் முகத்துக்கு நேரேயே சொன்னேன். அவனுக்கும் கோபம் வந்தது. தேனி புறவழிச்சாலைப் பக்கம் ஒரு காலி இடத்தில், மதுரையிலிருந்தும் குமுளிப் பக்கமிருந்தும் ரிமோட் வண்டிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடுவதாக இருந்தது. அங்கே ஒரு செம்மண் மேடு உண்டு. "அதுல ஏத்திக் காட்டு, பாப்போம்" என்றான்.

"ஏறலைன்னா ஒன் பிளாஸ்டிக் கூண்ட வாங்கி என் வண்டியில மாட்டிக்கிறேன், போதுமா?" என்றேன். இதைவிடக் கேவலமான தண்டனை எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை என் மனைவி கடைக்குப் போய்விட்டு வரும்போது இரண்டு எலுமிச்சம்பழம் வாங்கி வந்தாள். சமையலுக்கு இல்லையாம், டாங்கிக்காம்.

"புது பஸ்ஸுக்கு வைக்கிறாக, டிராக்டருக்கு வைக்கிறாக. இதுவும் வண்டிதான? நாளைக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு வச்சு ஏத்திட்டுப் போங்க. கண்ணு பட்டுறப் போகுது."

எனக்கு வந்ததே ஆத்திரம். "அப்ப டிவி ரிமோட்டுக்கும் ஒண்ணு வையி, மிக்ஸிக்கு ஒண்ணு வையி. கூறு கெட்டவளே, இது இன்ஜினியரிங்" என்று கத்தினேன். சங்கிலி ஓடுகிற பல்சக்கரத்தில் பழத்தோல் சிக்கினால் என்ன ஆகும் தெரியுமா என்று கேட்டு, என்ன ஆகும் என்பதையும் விலாவாரியாகச் சொன்னேன். அவள் இரண்டு பழத்தையும் ஃப்ரிட்ஜில் வைத்தாள்.

ஞாயிறு காலை இருபது பேருக்குமேல் கூடியிருந்தார்கள். என் மனைவியும் வந்திருந்தாள். கூட்டாளியின் வண்டி முதலில் ஏறியது. பாதி மேட்டில் அவனுடைய பிளாஸ்டிக் கூண்டு ஒன்று கழன்று உருண்டது, ஆனாலும் வண்டி உச்சிக்குப் போய்விட்டது. நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். சிரித்துவிட்டு மேட்டைப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க அது செங்குத்தாகிக்கொண்டே போனது. எனக்குப் பயம் வந்துவிட்டது, அதுதான் உண்மை.

சோடா குடிக்கிற சாக்கில் ரோட்டோரத்து சர்பத் கடைக்குப் போய் ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். திரும்பி வந்து, சங்கிலியின் தொய்வைச் சரிபார்க்கிறவன் மாதிரி குத்தவைத்து உட்கார்ந்து, இடது பக்கத்துச் சங்கிலிக்கு அடியில் அதைத் தள்ளிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

வண்டி கிளம்பியது. பழம் நசுங்கியது. மேட்டில் முக்கால் பங்கு, சும்மா சொல்லக்கூடாது, யானை மாதிரி ஏறியது. அப்புறம் கடக்கென்று ஒரு சத்தம். சங்கிலியில் அப்பியிருந்த தோல் சுற்றிக்கொண்டு மேலே வந்து, முன்பக்கத்துப் பல்லில் சிக்கி, நான் முந்தின நாள் விலாவாரியாகச் சொன்னேனே, அப்படியே ஆயிற்று. சங்கிலி பல்லைவிட்டு ஏறி, மட்கார்டைக் கிழித்து, என் பித்தளைக் கூண்டு ஒன்றைத் தன் காலடியிலேயே போட்டு நசுக்கியது. வண்டி பக்கவாட்டில் சறுக்கி நின்றது.

எல்லோரும் வண்டியிடம் ஓடினோம். குமுளிப் பக்கத்திலிருந்து வந்தவர் பல்லிலிருந்து மஞ்சள் தோலை உரித்தெடுத்து மோந்து பார்த்தார். "எந்தா இது? நாரங்ஙயா?" என்று மலையாளத்தில் கேட்டார், எலுமிச்சையா என்று.

கூட்டாளி என்னைப் பார்த்தான். "மாப்ள, நீயா வச்ச?"

"நானா? வீட்டுல இருக்கவ வேலை. நேத்தே வாங்கி வச்சிருந்தா. சொன்னாக் கேட்டாத்தான?"

யாருக்குத் தெரியப்போகுது. இதே வார்த்தைகள்தான் மனசுக்குள் ஓடின, ஒரு எழுத்து பிசகாமல்.

கூட்டம் சிரித்தது. பொம்பளைகளை வண்டிப் பக்கம் விட்டால் இப்படித்தான் என்று எவனோ சொன்னான். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். பத்தடி தள்ளித் தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்த என் மனைவி என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு மேட்டில் ஏறி, மண்ணில் சிதறிக் கிடந்த பித்தளைத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டாள்.

கூட்டாளி மறக்கவில்லை. பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கூண்டை எடுத்து நீட்டினான். சொன்ன சொல்லுக்காக அதை அன்றைக்கே மாட்டினேன். பெயின்ட் அடித்தபின் நாலடி தள்ளி நின்று பார்த்தால் எது பித்தளை, எது பிளாஸ்டிக் என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். எலுமிச்சை சாதம். முதல் வாயை எடுத்து வைத்தபோது எதிரே நின்றுகொண்டு அவள் சொன்னாள்.

"சனிக்கெழம ரெண்டு பழம் வாங்குனேன். ரெண்டும் இதுலதான் இருக்கு."

வெட்கம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தலை நிமிராமல் பிசைந்துகொண்டிருந்தேன்.

"நல்லாருக்கா?" என்றாள். "இன்னுங் கொஞ்சம் வைக்கவா?"