பதினொரு ஒன்றுகள்

நெல்லித்தோப்பு கிருஷ்ணசாமிக்குக் கோபம் மூக்கு நுனியில். கனகசெட்டிக்குளம் எல்லையில் சுங்கச்சாவடிக் குமாஸ்தாவாக இருந்தவர். ஐம்பத்து நாலில் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்ததும் சாவடியை மூடினார்கள். மனிதர் பென்ஷனோடு வீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்த வாரமே தம்பி சுப்ரமணி, மில்லிலிருந்து வந்த கையோடு, "வீட்டைப் பாகம் பிரிச்சிடலாம்ண்ணே" என்றான்.

அப்பா கட்டிய வீடு. இரண்டு குடும்பமும் சேர்த்துப் பதினொரு பேர், ஒரே அடுப்பு. கிருஷ்ணசாமி துள்ளி எழுந்தார். பிள்ளைகளின் சிலேட்டைப் பிடுங்கி, ஆளுக்கொரு ஒன்றாகப் பதினொரு ஒன்றுகளை வரிசையாக எழுதினார். ஆயிரத்து நூறு கோடிக்கும் மேலே போகிற எண்.

"ஒன்னையும் இதையும் தவிர எதாலயும் இது வகுபடாதுடா. மீதியில்லாம வகுக்கிற நம்பர் வரட்டும், அன்னிக்கே பிரிச்சிக்கலாம்!"

கோபத்தில் விட்ட சவால். விடிந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. வகுபட்டுவிட்டால்? அன்றிலிருந்து காலையில் ஒரு பகா எண்ணாக எடுத்துத் தானே வகுத்துப் பார்த்தார். ஏழுக்கு மீதி இரண்டு. முப்பத்தேழு, மூன்று ஒன்றுகள் சேர்ந்த நூற்றுப் பதினொன்றைச் சுத்தமாக வகுக்கும். இதனிடம் அதன் பாச்சா பலிக்கவில்லை, பதினொன்று மீதி. "வீடு நிக்குது" என்று மனைவி செல்வாம்பாளிடம் சொன்ன பிறகுதான் காப்பியைத் தொடுவார். இப்படியே ஏழு வருடம். தம்பியும் பாகத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

அறுபத்தொன்றில் ஒரு காலை, 21,649-ஐ எடுத்தார். மீதி பூஜ்யம்.

ஈவு 5,13,239. திரும்பப் பெருக்கினார், வந்தது. பெருக்கல் சரியா என்று பார்க்க பிரெஞ்சுப் பள்ளியில் பழகிய ஒன்பதுக் கணக்கைச் சிலுவை போட்டுப் பார்த்தார்: ஒற்றை இலக்கம் வரும்வரை இலக்கங்களைக் கூட்டினால் வகுத்த எண்ணுக்கு நாலு, ஈவுக்கு ஐந்து, பெருக்கினால் இருபது, அதாவது இரண்டு. பதினொரு ஒன்றுகளைக் கூட்டினாலும் இரண்டுதான். பாழாய்ப்போன கணக்கு, சரியாகவே இருந்தது.

சிலேட்டை அழித்துவிட்டால் யாருக்குத் தெரியும்? ஈரத்துணியை எடுத்தார். மனசு ஒப்பவில்லை. தம்பி முன்னால் போய் நின்றார்.

"வகுபட்டுடுச்சிடா."

சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். "இருபத்தோராயிரத்து அறுநூத்தி நாப்பத்தொன்பதா?"

கிருஷ்ணசாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு எப்பிட்றா தெரியும்?"

"நீ சவால் விட்ட வாரமே காலேஜ் வாத்தியார் ஒருத்தரு புஸ்தகம் பாத்துச் சொல்லிட்டாரு. பிரிச்சே ஆவணும்னுதான் வந்தேன். நீ சிலேட்டும் கையுமா உக்காந்திருந்தே. மீதி வந்துடுச்சின்னு பச்சப் புள்ளையாட்டம் சிரிச்சே. எனக்குச் சொல்ல வாய் வரல."

"அடப்பாவி! ஏழு வருஷமா என்னை வகுக்கவுட்டு வேடிக்கை பாத்தியா?" வீடே ஓடிவந்து கூடியது. கத்தி ஓய்ந்ததும் தம்பியைப் பார்த்துச் சொன்னார். "சரி. சொன்ன சொல்லு சொன்னதுதான். பாகத்தைக் கேளு."

"கேக்கலையேண்ணே. ஏழு வருஷமா கேக்கவே இல்லையே."

கிருஷ்ணசாமி அப்படியே தரையில் உட்கார்ந்தார். "வீடு நிக்குது" என்று செல்வாம்பாளிடம் சொல்லி, காப்பியைக் கேட்டார்.