பிரார்த்தனை முடியட்டும், அப்புறம் பிசியோதெரபி

பிசியோதெரபி என்பது வலிக்கிற இடத்தைத் தேடிப்பிடித்து அழுத்திவிட்டு, "நல்லா பண்றீங்க" என்று சொல்லும் தொழில். முழங்கால் வலிக்காரர்கள் இதைப் படித்தால் மன்னியுங்கள். மாலையில் எங்களுக்கும் இடுப்பு வலிக்கும். ஈரோட்டுக்காரனான நான் நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவே பக்கம், யூத முதியவர்கள் தங்கும் இல்லம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். அங்கே என்னிடம் வந்தவர் ரூபன். பக்கவாதத்தில் வலது கை தளர்ந்துபோனவர்.

கறுப்பு வார்

ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னால் ரூபன் ஜன்னலைப் பார்ப்பார். ஆனால் காலைப் பிரார்த்தனைக்காக யூத ஆண்கள் கையில் சுற்றிக்கொள்ளும் கறுப்புத் தோல்வாரை மட்டும், தளர்ந்த அந்த வலது கையாலேயே எடுத்து இடது கையில் சுற்றப் பார்ப்பார். வார் நழுவும். மறுபடி சுற்றுவார். நர்ஸ் உதவிக்கு வந்தால் வேண்டாம் என்று தலையாட்டுவார்.

நான் பந்தைப் பைக்குள் போட்டுவிட்டேன். "மிஸ்டர் ரூபன், இனிமே இதுதான் நம்ம எக்சர்சைஸ்" என்றேன். அவர் வாரை இழுத்துப் பிடித்தபடியே சொன்னார்: "உனக்கு இது எக்சர்சைஸ். எனக்கு இது கடவுள் கையைப் பிடிச்சுக்கறது."

கல்லறை வாசலில்

மனைவியின் நினைவுநாளில் கல்லறைக்குப் போக ஆசைப்பட்டார். மகள் மிரியம் கார் ஓட்டினாள். வீல்சேர் தள்ள நான் போனேன். வாசலில் நிறுத்தச் சொல்லி, சட்டைக்கு வெளியே தொங்கிய வெள்ளை நூல்களை உள்ளே செருகிக்கொண்டார். கடவுளின் கட்டளைகளை நினைவில் வைக்க அவர்கள் அணிவது அது. ஒரு நூல் பாதி வெளியே தெரிந்தது. சட்டையில் சிக்கிக்கொண்டது போலும் என்று நான் அதை வெளியே இழுத்துவிட, மறுபடி செருகிக்கொண்டார்.

"குளிருதா?" என்று கேட்டேன்.

"உள்ளே இருக்கறவங்களால இனிமே பிரார்த்தனை பண்ண முடியாது. என்னால முடியும். பசிச்சவங்க முன்னாடி உட்கார்ந்து சாப்பிடலாமா?"

மகளின் பெயர்

அடுத்த பக்கவாதம் பேச்சைக் கொண்டுபோனது. தண்ணீர் என்ற வார்த்தைகூட வரவில்லை. மிரியம் பெயரும் வரவில்லை. ஆனால் காலையில் பிரார்த்தனை மட்டும் தங்குதடையின்றி வந்தது. காலேஜ் காலத்திலேயே கும்பிடுவதை விட்டுவிட்ட மிரியம், சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். "கடவுள்கிட்ட பேசறார். என்கிட்ட பேசலை."

சின்ன வயதிலிருந்து சொல்லிச் சொல்லிப் பழகிய வரிகள் இப்படி மிஞ்சுவது உண்டு என்று விளக்கினேன். அந்த விளக்கம் அவளுக்கு ஆறுதலாக இல்லை. மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் வந்து, பிரார்த்தனைப் புத்தகத்தைத் திறந்து அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எழுத்துக்கூட்டிப் படித்தாள். ரூபன் முதலில் முந்திப் போனார். பிறகு வேகத்தைக் குறைத்தார். தினமும் வந்தாள். பனிக்காலத்தில் அவர் இறந்துபோனார்.

சாமான்களை எடுக்க வந்த அன்று பார்க்கிங்கில் என்னிடம் சொன்னாள்: "கடைசி வரைக்கும் என் பேர் வரலை. ஆனா நான் தடுமாறின இடத்துல எல்லாம் அப்பா நிறுத்தி, எனக்காகக் காத்துட்டிருந்தார்."

நானோ இன்னமும் ஃப்ரீவேயில் டிராஃபிக் நிற்கும்போது மட்டும்தான் முருகனைக் கூப்பிடுகிறேன். உயிரோடு இருக்கும்போதே கூப்பிடுகிறேன் என்பதால் அவர் கொஞ்சம் பொறுத்துக்கொள்வார் என்று நம்புகிறேன்.