ராடு முனைகளில் வெள்ளி பெயிண்ட்

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்க்கும், இரும்பைக் காய்ச்சி இறுக்கும் பட்டறைக்கு எனக்கு முன்னால் போனவள் என் அக்கா. நான் பள்ளிக்கூடத்தில் இருந்த காலத்திலேயே அவள் அங்கே சேர்ந்துவிட்டாள். பெருக்குவது, உலையிலிருந்து வந்த சாமான்களைக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பது, எண்ணெய் தடவி அடுக்குவது, இவைதான் அவள் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான். பாலிடெக்னிக்கில் உலோகவியல் எடுத்தேன். வகுப்பில் பெண்கள் இரண்டே பேர். படித்து முடித்ததும் அக்காவின் பட்டறையிலேயே சோதனை அறையில் ஆள் தேவை என்றார்கள். அக்காதான் முதலாளியிடம் போய் என்னைப் பற்றிச் சொன்னாள்.

காலையில் அண்ணனூரில் ரயில் ஏறிப் பட்டரவாக்கத்தில் இறங்குவோம். லேடீஸ் பெட்டியில் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் அக்கா என் பையைத் திறந்து உள்ளே மடித்து வைத்திருக்கும் வெள்ளைக் கோட்டைக் காட்டுவாள். "டாக்டர் இல்ல, இரும்பு டாக்டரு" என்பாள். எனக்கு வெட்கமாக இருப்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வேன். உண்மையில் எனக்கு வெட்கமே இல்லை. அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு உலைப் பக்கம் நடக்கும்போது எனக்கு இருந்த பெருமையை இப்போதும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

வெளியில் இருப்பவர்களுக்கு இரும்பு என்றால் ஒன்றுதான். எங்களுக்கு அப்படியில்லை. இரும்போடு எவ்வளவு கரி சேர்ந்திருக்கிறது, வேறு என்ன உலோகம் சேர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் குணமே மாறும். எங்கள் பட்டறையில் பெரும்பாலும் இரண்டு வகை ராடுகள் வரும். ஒன்றை 'எட்டு' என்போம், மற்றதை 'இருபத்துநாலு' என்போம். இரண்டிலும் கரி ஏறக்குறைய ஒரே அளவுதான். எட்டில் வேறு எதுவும் பெரிதாகக் கிடையாது. அதைச் செக்கச்செவேல் என்று காய்ச்சித் தண்ணீரில் போட்டால்தான் இறுகும். இருபத்துநாலில் நிக்கலும் குரோமியமும் இருக்கும். அது மெதுவாக ஆறினாலே இறுகிவிடும், ஆகவே அதற்கு எண்ணெய்த் தொட்டி. அதைப் போய்த் தண்ணீரில் போட்டால் வெளித்தோல் ஒரு வேகத்தில் சுருங்க, உள்ளே இருப்பது வேறொரு வேகத்தில் இறுக, ராடு விரிசல் விட்டுவிடும். எதில் முக்கினாலும் அப்புறம் திரும்ப ஒரு முறை மிதமான சூட்டில் வைத்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கடினம் இருக்கும், அடி தாங்கும் பலம் இருக்காது.

பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரிதான். அதனால் ராடின் ஒரு முனையில் பெயிண்ட் அடித்திருக்கும். எட்டுக்கு மஞ்சள், இருபத்துநாலுக்கு நீலம். வெட்டும்போது பெயிண்ட் இல்லாத பக்கத்திலிருந்துதான் வெட்டுவார்கள். கடைசித் துண்டுவரை அந்த நிறம்தான் அதற்குப் பெயர். இதை ஆண்கள் எல்லாரும் அறிவார்கள். பெருக்குகிற பெண்களுக்கு யாரும் சொன்னதில்லை. நான் ஒருமுறை வீட்டில் சொல்லப் போனேன். "ஏ, இங்கியும் பாடம் நடத்தாதடி, குயம்பு அடிபுடிக்கப் போவுது" என்று சிரித்தாள் அக்கா.

அக்கா அத்தனை வருஷமும் தினக்கூலிதான். அந்த வருஷம் ஆயுத பூஜை முடிந்ததும் அவளைப் பர்மனென்ட் ஆக்குவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். அவர் தெற்கத்திக் கிறிஸ்துவர். பூஜையில் கை கூப்ப மாட்டார். ஆனால் ஒவ்வொரு வருஷமும் பட்டறையைச் சுத்தம் பண்ணவும் பெயிண்ட் வாங்கவும் தாராளமாக விடுவார். பூஜை அன்று வாசலில் நின்று எல்லாருக்கும் ஸ்வீட் பாக்கெட்டைக் கையில் கொடுப்பார். அக்காவுக்கு அந்தப் பர்மனென்ட் என்ற சொல் சாதாரணமானது அல்ல. நாளைக்கு வராதே என்று யாரும் தன்னிடம் சொல்ல முடியாது என்பதுதான் அவளுக்கு அதன் அர்த்தம். "நாளிக்கி வர்தா வாணாமான்னு ஒரு நாளும் கேக்க வாணாம் பாரு" என்று ரயிலில் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பூஜைக்கு முந்தின வாரம் முழுக்க நான் பட்டறையில் இல்லை. ஆவடியில் எங்களிடம் ஷாஃப்ட் என்கிற சுழல்தண்டு வாங்கும் ஒரு பெரிய ஆலையில், முன்பு அனுப்பிய சரக்கைச் சோதிக்க என்னை அனுப்பியிருந்தார்கள். பூஜை அன்று காலை அக்காவோடு பட்டறைக்கு வந்தபோது காகிதத் தோரணங்கள், உலைக் கதவில் சந்தனம் குங்குமம், வாழைக்கன்று. நான் கோட்டை மாட்டியதும் அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ராடு ஸ்டாண்டின் முன்னால் நிறுத்தினாள்.

"இப்ப பாரு."

உலைக்கு அடித்த வெள்ளி பெயிண்டில் மிச்சம் இருந்ததை எடுத்து ஒவ்வொரு ராடின் முனையிலும் அவள் அடித்திருந்தாள். பழைய மஞ்சளும் நீலமும் உரிந்து அசிங்கமாக இருந்ததால் கம்பி பிரஷ்ஷால் சுரண்டிவிட்டுத்தான் அடித்தாளாம். ஸ்டாண்டு முழுக்க வெள்ளிக் காசுகள் அடுக்கியதுபோல் மின்னியது. முதலாளிகூட முந்தின நாள் அதைத் தூரத்திலிருந்து பார்த்து, "ஷோரூம் மாதிரி இருக்கே" என்றிருக்கிறார்.

நான் முனை முனையாகப் பார்த்துக்கொண்டே போனேன். நான் சிரிக்காததைப் பார்த்து, "இன்னாடி, நல்லா இல்லியா?" என்றாள்.

அதற்குள் உலைக்காரர் வந்துவிட்டார். அந்தப் பட்டறையில் பழைய ஆள். அவர் ஸ்டாண்டைப் பார்த்தார், தலையில் கை வைத்தார். "அய்யோ, மஞ்சா எங்க, நீலம் எங்க? மொத்தமும் வெள்ளியா கீது!" அவர் குரலைக் கேட்டு நாலைந்து பேர் கூடினார்கள். முதலாளியும் வந்தார்.

அவர் கத்தவில்லை. "மேல் தட்டு எட்டு, கீழ்த் தட்டு இருபத்துநாலு. எடம் மாறலன்னா ஒண்ணும் இல்ல" என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "ஏம்மா, சுத்தம் பண்ணும்போது ராடுகள எறக்குனீங்களா?"

அக்கா அவரைப் பார்க்கவில்லை. கோட்டும் நானுமாக அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்தாள்.

"இல்ல சார். அத்து அத்து வெச்ச எடத்துலதான் கீது."

"நான் வேணா ஒவ்வொண்ணா சோதிச்சுப் பாத்துடறேன் சார்" என்றேன்.

"உங்க அக்காவே சொல்லுதாங்களே, பொறவு என்ன? ஷாஃப்ட் போயாகணும்மா."

அதற்கு மேல் நான் பேசவில்லை. பேசியிருந்தால், அத்தனை பேர் நடுவில், என் அக்கா பொய் சொல்கிறாள் என்று நான் சொன்னதாக ஆகியிருக்கும். அவள் பொய் சொல்கிறாள் என்று நான் நினைக்கவும் இல்லை. உலைக்காரர் மட்டும் பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு போகும்போது, "ராடுங்களுக்கும் சேத்து சுத்திப் போடறேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள்.

விடுமுறை முடிந்ததும் மேல் தட்டு ராடுகளில் சிலவற்றை வெட்டி வெளியில் ஒரு லேத் பட்டறைக்கு அனுப்பிக் கடைந்து வாங்கினோம். சில துண்டுகளில் டூல் சீக்கிரம் மழுங்குகிறது என்று லேத்காரர் புலம்பியதாகச் சரக்கு கொண்டுவந்த வண்டிக்காரர் சொன்னார். டூல் மட்டமாக இருக்கும் என்று நினைத்தோம்.

முதல் ஈடு உலையிலிருந்து வெளியே வந்து தண்ணீரில் இறங்கியது. ஆவி அடங்கிய பிறகு தொட்டிக்குள்ளிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

"பாப்பா, இங்க வா" என்று உலைக்காரர் கூப்பிட்டார். "உள்ள எவனோ சொடக்கு போட்றான்."

ஷாஃப்டுகளை எடுத்து மண்ணெண்ணெயில் முக்கி, துடைத்து, சாக்பீஸ் தூளைப் பூசினேன். விரிசல் இருந்தால் அதற்குள் போன எண்ணெய் மெல்லக் கசிந்து வெள்ளைத் தூளில் கறுப்புக் கோடாகத் தெரியும். பல ஷாஃப்டுகளில் ஒன்றும் இல்லை. சிலவற்றில் தலைமுடி மாதிரி ஒரு கோடு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை.

கிரைண்டிங் வீலில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு வகை இரும்புக்கும் பொறி ஒவ்வொரு மாதிரி பறக்கும். எட்டில் பொறி நீளமாகப் போய் மத்தாப்பூபோல் கிளை கிளையாக வெடிக்கும். இருபத்துநாலில் கோடு குட்டையாக இருக்கும், வெடிப்பு குறைவு, நுனியில் ஈட்டி முனைபோல் ஒரு துணுக்கு தனியாகத் தெறிக்கும். விரிசல் விட்ட ஷாஃப்ட் ஒவ்வொன்றிலும் ஈட்டி முனைதான் வந்தது.

என் கண்ணை மட்டும் நம்பிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஸ்டாண்டில் மிச்சம் இருந்த ஒவ்வொரு ராடிலிருந்தும் ஒரு வில்லை வெட்டச் சொன்னேன். எல்லாவற்றையும் சிவக்கக் காய்ச்சி, எதிலும் முக்காமல், செங்கல்மேல் வைத்துக் காற்றில் ஆறவிட்டேன். எட்டு இப்படி ஆறினால் இறுகாது, அரம் கடிக்கும். இருபத்துநாலில் அரம் வழுக்கும். இரண்டு தட்டிலும் இரண்டு வகையும் கலந்திருந்தன.

அப்போதுதான் அந்த ஸ்டாண்டை நான் சரியாகப் பார்த்தேன். ராடுகள் நீளத்தின்படி அடுக்கியிருந்தன. குட்டையில் தொடங்கி நெட்டைவரை, படிக்கட்டு மாதிரி, மிக அழகாக. எல்லாவற்றையும் இறக்கித் துடைத்து, திரும்ப அழகு பார்த்து ஏற்றிய கை யாருடையது என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் பாத்திரங்களும் அப்படித்தான் இருக்கும்.

நான் அரம் போட்டுக்கொண்டிருந்தபோது அக்கா நான்கடி தூரத்தில் உட்கார்ந்து சாமான் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வில்லையையும் நான் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரித்துப் போடப் போட அவள் பிரஷ்ஷின் சத்தம் மெதுவானது. கடைசியில் நின்றுவிட்டது.

மிச்ச ஷாஃப்டுகள் தப்பின. பொறி பார்த்து எட்டைத் தண்ணீருக்கும் இருபத்துநாலை ஓரமாகவும் பிரித்தோம். ஆவடிக்குச் சரக்கு கொஞ்சம் தாமதமாக, ஆனால் சுத்தமாகப் போனது. முதலாளி என்னை அறைக்குக் கூப்பிட்டுப் பாராட்டினார். நான் அந்தச் சமயத்தை விடவில்லை. அக்காவின் பர்மனென்ட் பற்றிக் கேட்டேன். நிறத்தின் அர்த்தத்தை அவளிடம் யாரும் சொன்னதில்லை என்பதையும் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். "பெயிண்ட் அடிச்சதுல தப்பில்லம்மா. எறக்கலன்னு சொன்னாங்க பாருங்க" என்றார். பிறகு, "சரி. உங்க முகத்துக்காகப் போடுதேன்" என்றார்.

நான் ஜெயித்த சந்தோஷத்தோடு வெளியே வந்தேன். சாயங்காலம் பட்டரவாக்கம் பிளாட்பாரத்தில் அக்காவிடம் சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"வாணாம்" என்றாள்.

"என்னக்கா, வேணாமா? இதுக்காகத்தானே இத்தனை வருஷம்..."

"நா எறக்கலன்னு சொன்னேன். நீ எறக்கிக்கீறான்னு காட்டிட்ட."

"நான் உன்னைக் காட்டிக்கொடுக்கலக்கா. இரும்பைத்தான் பாத்தேன்."

"தெரியும்டி. உன் வேல அது. நீ செஞ்சதுல ஒண்ணியும் தப்பில்ல." அவள் குரலில் கோபம் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "அத்தினி பேரு நிக்க சொல்ல, நீ வெள்ளக் கோட்ட போட்டுகினு சாரு பக்கத்துல நின்ன. பர்மனென்ட் பூடுமோன்னு வாயில வந்துச்சு, சொல்லிட்டேன். இனிமே அங்க நா கீழ வெச்சேன்னு சொன்னா வெச்சாளான்னு கேப்பாங்க, தொடச்சேன்னு சொன்னா தொடச்சாளான்னு கேப்பாங்க. யார கேப்பாங்க? உன்ன."

"நான் அப்படிக் கேக்கவே மாட்டேன்க்கா."

"நீ கேக்க மாட்ட. அவங்க கேக்க சொல்ல நீ இன்னா பண்ணுவ?"

நான் படித்தது பொருளைச் சோதித்துப் பார்க்கத்தான். யாராவது கேட்டால் நான் சோதித்துத்தான் சொல்வேன். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரிந்திருந்தது. ரயில் வந்தது. இருவரும் ஏறினோம். தெரிந்த பெண் ஒருத்தி, "இன்னா, இரும்பு டாக்டரே" என்றாள். அக்கா சிரித்துச் சமாளித்தாள்.

அந்த மாதக் கடைசியோடு அவள் நின்றுவிட்டாள். முதலாளி ஆள் அனுப்பிக் கூப்பிட்டும் போகவில்லை. நசரத்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் சேர்ந்தாள். மறுபடியும் தினக்கூலி, மறுபடியும் புது ஆள். அவள் ஆவடிக்குப் போய்ப் பூந்தமல்லி பஸ்ஸில் ஏறினாள், நான் எதிர்த்திசையில் ரயில் ஏறினேன். வீட்டிலிருந்து என்னைவிட முன்னதாகவே கிளம்பிவிடுவாள்.

பட்டறையில் இப்போது ராடின் இரண்டு முனையிலும் எண் குத்துகிறோம், பெயிண்டை மட்டும் நம்புவதில்லை. அதை ஏற்பாடு செய்தவள் நான். என் யோசனை என்று முதலாளி எல்லாரிடமும் சொல்லுவார். எனக்குப் பெருமைதான். ஆனால் அவர் சொல்லும்போதெல்லாம் அந்த ஸ்டாண்டின் பக்கம் என்னால் திரும்ப முடிவதில்லை. அவ்வளவு அழகாக அதை அதற்குப் பிறகு யாரும் அடுக்கியதில்லை. அழகு எங்களுக்குத் தேவையாகவும் இல்லை.

அக்கா என்னோடு சண்டை போடவில்லை. எனக்குப் பிடித்த வஞ்சிரக் கருவாட்டை இன்றைக்கும் எடுத்துவைக்கிறாள். தலைவலி என்றால் தைலம் தடவிவிடுகிறாள். ஆனால் முன்பு பட்டறையில் நடந்தது ஒன்று விடாமல் எனக்குச் சொன்னவள், ஷூ கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. யார் மேலாள், என்ன வேலை, பக்கத்தில் உட்காருவது யார், எதுவும் எனக்குத் தெரியாது. நானாகக் கேட்டுப் பார்ப்பேன்.

"அங்க எப்படிக்கா இருக்கு?"

"கீது" என்பாள்.