கவுண்டர் அக்காவின் வேகம்

மருத்துவமனைப் பதிவு கவுண்டரில் அக்கா நோயாளியின் பெயரை அடித்தால், திரையில் விவரம் வர ஒரு யுகமாகும். வரிசையில் நிற்பவர்கள் அவரைத்தான் திட்டுவார்கள். மென்பொருள் எழுதியவனிடம் முறையிட்டால், "உங்க கைதான் மெதுவுக்கா, போய் டைப்பிங் கத்துக்குங்க" என்று எரிந்து விழுவான்.

ஒருநாள் தான் எழுதியதை அவனே பிரித்துப் பார்த்தான். ஒவ்வொரு பெயருக்கும் அவன் நிரல், நோயாளி விவரங்கள் இருக்கும் டேட்டாபேஸோடு புதிதாக இணைப்பு திறந்து, உடனே மூடிக்கொண்டிருந்தது; தாமதமே அதனால்தான். முகத்தில் ஈயாடவில்லை. திறந்த இணைப்பையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தும்படி மாற்றினான். விவரம் திரையில் சட்டென்று வந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை.

அந்த வாரமே அக்கா அவன் மேசைக்கு வந்தார். "நீங்க சொன்னீங்கன்னுதான் தம்பி, வேலை முடிஞ்சு டைப்பிங் கிளாஸ் போனேன். இப்ப யாரும் திட்டறதில்ல."

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"நல்லா வேகமாயிட்டீங்கக்கா" என்றான்.